மைக்காவில் விழுந்த கீறல்

எங்கள் வீட்டில் விற்றால் விலை போகக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஒரு தபால் முத்திரை. வெறும் முத்திரையல்ல, ரூபாய் நாணயக் குற்றியின் அளவில் வட்டமான பித்தளை உறை, அதன் முகத்தில் கண்ணாடிபோல் தெளிந்த மைக்காத் தகடு, தகட்டின் பின்னே நீல முத்திரை, முதுகில் ஏதோவொரு மருந்துக் கடையின் விளம்பரம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது சனங்கள் சில்லறைக் காசைப் பதுக்கினார்கள். அப்போது முத்திரையையே இப்படி உறையிலிட்டுக் காசாகப் புழங்கினார்கள். அம்மாவின் பூட்டன் திருகோணமலைத் துறைமுகத்தில் தச்சு வேலை பார்த்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். ஒரு மாலுமி கூலிக்குப் பதிலாக அதை அவர் கையில் வைத்துவிட்டுக் கப்பலேறினான் என்பது எங்கள் குடும்பக் கதை.

அதை விற்கத் துணிந்தது அண்ணனுக்காக. அவனும் தச்சன். இராணுவத்தின் இரண்டு சுற்றிவளைப்புகளில் அவனை மைதானத்துக்குக் கொண்டுபோய், முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவனுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவன் தலையாட்டினால் ஆளை இழுத்துப் போவார்கள். இரண்டு முறையும் அந்தத் தலை அசையவில்லை. மூன்றாம் முறை அசைந்தால்? அந்தக் கேள்வியோடு அம்மா உறங்கவில்லை. கடல் கடந்து அனுப்ப ஏஜென்சிக்காரன் கேட்ட தொகை எங்கள் கற்பனைக்கும் எட்டாதது.

கொழும்பிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் ஒட்டவைத்து நெடுநேரம் பார்த்தார். "மைக்காவில கீறலும் இல்ல, வெடிப்பும் இல்ல. முத்திரையின்ட நிறமும் மங்கல்ல. இப்பிடி ஒண்டு அபூர்வம்" என்றார். அவர் சொன்ன விலை ஏஜென்சிக்காரனின் தொகைக்குச் சரியாக இருந்தது. அடுத்த மாதம் பணத்தோடு வருவதாகச் சொல்லிப் போனார். என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கறுத்த பித்தளையின் கறுப்புக்கும் விலை உண்டு என்பதை அவர் அறிவார். அதை எங்களிடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

வீடுவீடாகச் சோதனை நடந்த வாரம் அது. பொருள் பறிபோய்விடும் என்று அஞ்சி, பாலத்துக்கு அப்பால் இருந்த மாமி வீட்டில் கொடுத்துவைக்க நான் எடுத்துப் போனேன். பாலத்துச் சோதனைச்சாவடியில் சட்டைப் பையைத் தடவிய சிப்பாய் அதை வெளியே எடுத்தான்.

"மொகக்த மே? என்ன இது?"

"முத்திரை. பழைய முத்திரை."

"முத்திரை கடிதத்தில. இது இரும்பில. உள்ள என்ன?"

விவாதப் போட்டிகளில் எதிரணியை நா எழாமல் அடித்தவன் என்று பாடசாலைகளில் பேர் வாங்கியவன் நான். அன்று என் தமிழ் அவனுக்குப் புரியவில்லை. அவன் தோளில் தொங்கிய துவக்குக்கு என் தமிழ் தேவைப்படவுமில்லை. கத்தியின் முனையை மைக்காவுக்கும் பித்தளைக்கும் நடுவே செருகி நெம்பினான். உறை திறக்கவில்லை. தகடு மட்டும் குறுக்கே வெடித்தது. உள்ளே காகிதத்தைத் தவிர வேறெதுவும் தெரியாததில் அவனுக்கு ஏமாற்றம். திருப்பி எறிந்தான். அந்த எறிதலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் மாமி வீட்டுக்குப் போகாமல் திரும்பிவந்தேன். அம்மா வெடிப்பைப் பார்த்தார், அழவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு மெழுகுதிரித் தண்டுகளையும் பாடுபட்ட சிலுவையையும் துலக்குவதுபோல, புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் குந்தினார்.

"கண்ணாடிதான் கெட்டுப்போச்சு, மனே. பித்தளையாவது மினுங்கட்டும். வாற மனிசன் எங்கள ஊத்தச் சனம் எண்டு நினைக்கப்படாது."

விருந்தாளிக்கு அழுக்குப் பொருளைக் காட்டுவது எங்கள் வீட்டில் அவமானம். அதைத் தடுக்கும் அறிவு எங்களில் ஒருவருக்கும் இல்லை. உறை தங்கம்போலப் பளபளத்தது. விளம்பர எழுத்துகளின் விளிம்புகள் சற்று மழுங்கின.

வியாபாரி வந்தார். ஒரு பார்வையில் உருப்பெருக்கியைக் கீழே வைத்தார்.

"ஐயோ, இத ஆர் தேய்ச்சது?"

"நான்தான், தம்பி. நல்லா விளக்கியிருக்கன்" என்றார் அம்மா பெருமையோடு.

"நல்லாத்தான் விளக்கியிருக்கிறீங்க. பாதி விலைய விளக்கிப்போட்டீங்க. வெடிப்புக்கு ஒருமாதிரிச் சமாளிக்கலாம். நூறு வருசத்து நிறத்த நான் எங்க போய்த் தேடுறது?"

அம்மாவின் முகம் சுருங்கியதைக் கண்டதும் நான் எழுந்தேன். மேடையில் எழுவதுபோலவே எழுந்தேன்.

"ஐயா! இந்தக் காசு பிறந்ததே ஒரு போரில். அந்தப் போர் இதைப் பிறப்பித்தது என்பதற்காக விலையைக் கூட்டுகிறீர்கள். எங்கள் போர் இதைக் கீறியது என்பதற்காக விலையைக் குறைக்கிறீர்கள். அவர்களின் துயரம் அரும்பொருள், எங்கள் துயரம் பழுது! இது என்ன தராசு? ஒரு தாய் உங்களை மதித்துத் துலக்கிய துலக்கலுக்கு அபராதம் விதிக்கும் இந்த அறிவுக்கு என்ன பெயர்?"

அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் மெல்லக் கைதட்டினார்.

"நல்லாப் பேசுறீங்க, தம்பி. ஆனா என்னட்ட வாங்குற வெள்ளைக்காரன் கீறலைப் பாப்பான். உங்கட பேச்சையும் சேத்துப் பெட்டியில வெச்சு நான் அனுப்ப ஏலுமா?"

கதவடியில் நின்ற அண்ணன் சிரித்தான். "கேள்ரா, கப் ஏதும் தருவாராமா எண்டு."

பொருளைத் திரும்ப வாங்கிக்கொள் என்று நான் அண்ணனை நோக்கிக் கத்தினேன். அவன் தலையசைத்து மறுத்தான். "வெச்சிருந்து என்ன செய்யிற? அடுத்த சுத்திவளைப்புக்கு நீ போய்ப் பேசப் போறியா? குடும்மா, கிடைச்சத வாங்குவம்."

வாங்கினோம். வியாபாரி அதைப் பஞ்சில் பொதிந்து, துணி பதித்த சிறு பெட்டியில் கிடத்தினார். இனியொரு கீறலும் விழாதபடி அத்தனை கவனம்! அண்ணனை இந்த மண்ணில் எவன் அப்படிப் பொதிந்தான்?

பாதி விலைக்குப் பாதி வழிதான். வெளிநாட்டுக்குப் போகவேண்டியவன் கொழும்பில் இறங்கிக்கொண்டான். மரத் தளபாடப் பட்டறையில் வேலை, அறையில் அவனைப்போல இன்னும் சிலர், அங்கேயும் சுற்றிவளைப்பு, பொலிசில் பதிந்த துண்டு கையில் இல்லாதவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கிழமைக்கு ஒருமுறை தொலைபேசிக் கடைக்கு அம்மாவைக் கூட்டிப் போகிறேன். சாப்பிட்டாயா என்று அவர் முதலில் கேட்பதில்லை.

"பொலிசில பதிஞ்சிட்டியா, மனே?"

"ஓம், ஓம். பதிஞ்சாச்சு."

"துண்டு கையில இருக்கா?"

இதற்கு மட்டும் மறுமுனையில் அவன் குரலைத் தாழ்த்துகிறான், என்ன சொல்கிறான் என்று எனக்குக் கேட்பதில்லை. அம்மா ரிசீவரை இரு கையாலும் பிடித்தபடி, கடைக்காரர் மணிக்கூட்டைக் காட்டும்வரை வைக்க மறுக்கிறார்.