அரை மில்லியின் பின் அச்சு

என் வீட்டுக்காரரை அவர் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அரை மில்லி என்றுதான் சொல்வார்கள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் செய்த சாமானைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து கடைவார். முதலாளிக்கு அதில் பெருமை. பட்டறையோடு நின்றிருந்தால் எனக்கும் பெருமைதான். வீட்டிலும் அதே கூத்து. அலமாரிக் கதவு சரியாக மூடவில்லை என்று கழற்றியவர், திரும்ப மாட்ட எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த எட்டு மாதமும் எங்கள் துணிமணியெல்லாம் வருகிறவர் போகிறவர் பார்க்கக் கிடந்தது.

இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை முடியும்வரை அந்தப் பொருளை வேறு யாரும் தொடக் கூடாது. "முடிச்சுக் கையில குடுக்கறேன். அதுக்கு முன்னால ஆளாளுக்குக் கை வெச்சா எனக்கு வேலை ஓடாது" என்பார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவர் முடித்துக் கையில் கொடுத்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த வருட ஆரம்பத்தில் நான் மாடிப்படியில் விழுந்து இடது முட்டியை உடைத்துக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்தது. வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலை மடக்கப் பயிற்சி செய்ய வேண்டும். பயிற்சி கொடுக்கிற பெண் கறாரானவள். "இந்த மூணு மாசத்துல மடங்கினாத்தான் உண்டும்மா. அப்புறம் தலைகீழா நின்னாலும் மடங்காது" என்று சொல்லிவிட்டாள். மூன்று தடவை வராவிட்டால் பெயரை அடித்துவிட்டு வரிசையில் நிற்கிற அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதையும் முதல் நாளே சொன்னாள்.

போய்வர இரண்டு பஸ் மாற வேண்டும். நீட்டிய காலோடு பஸ் படி ஏறுவது என்ன பாடு என்று ஏறியவருக்குத்தான் தெரியும். வீட்டிலேயே ஒரு கார் நின்றது. எங்கள் கல்யாணத்தைவிட மூத்த கார்தான், ஆனாலும் பின் சீட்டு முழுக்கக் காலை நீட்டி உட்காரலாம். பார்த்து அந்த நேரத்தில்தான் அதன் பின் அச்சு ஊளையிட ஆரம்பித்தது.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, ஒரு பேரிங் மாற்றினால் இன்னும் ஒரு வருடம் தாராளமாக ஓடும் என்றார். மனுஷன் கேட்டாரா? "உன்னை ஏத்திக்கிட்டுப் போற வண்டி. அதுல ஒப்பேத்தற வேலை வேணாம்" என்று, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சின்ன வேனின் அச்சை வாங்கி வந்தார். கனமான அச்சு, பெரிய பிரேக். எனக்காக என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

வேன் அச்சு பழையதைவிடப் பக்கத்துக்கு இருபத்திரண்டு மில்லி கூடுதல் நீளம். மாட்டியதும் பின் சக்கரங்கள் இரண்டும் வண்டியின் உடம்பை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. பழைய சக்கரத்துக்கு நாலு போல்ட், இந்த அச்சுக்கு ஐந்து. பழைய அச்சை அந்த இரும்புக் கடையிலேயே போட்டுவிட்டதால், திரும்பவும் பழையதற்குப் போக வழியில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஆஃப்செட்டைத் தவிர வேறு பேச்சே இல்லை. சாப்பிடும்போது தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விளக்குவார். "தட்டுதான் சக்கரம்னு வெச்சுக்கோ. அதோட அகலத்துக்கு நட்டநடுவுல ஒரு கோடு. போல்ட் மாட்டற முகம் அந்தக் கோட்டுலேர்ந்து எவ்வளவு வெளிய இருக்கோ, அதுதான் ஆஃப்செட். அது கூடக் கூட சக்கரம் உள்ள போகும்."

"சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க."

"உனக்கு எதுலதான் அக்கறை இருக்கு?"

அக்கறை இருந்தது. என் முட்டியில். முதலில் வாங்கிய சக்கரங்கள் உள்ளே போனது உண்மைதான். ஆனால் அவை பழையதைவிட ஒரு அங்குலம் அகலம். அதில் பாதி உள்பக்கம் நீண்டு ஸ்பிரிங்கை உரசியது. அவற்றைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினார். அவற்றில் ஐந்து துளைகளும் சரி, நடுத்துளைதான் சிறிது. லேத்தில் வைத்துக் கடைந்தார், அரை மில்லி கூடிவிட்டது என்று அதையும் ஒதுக்கினார். இதற்குள் இரண்டு தடவை, "நாளைக்குக் காலைல வண்டி ரெடி, பஸ்ஸுக்கு அலையாதே" என்று சொல்லி என்னை உட்கார வைத்து, இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் போனது. வாடகைக் கார் கூப்பிடுகிறேன் என்றால் முகம் தொங்கிவிடும். அந்த முகத்துக்காக நான் விட்டுக்கொடுத்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மூன்றாவது ஜோடி பொருந்தியது. உள்ளே ஸ்பிரிங்குக்கு ஒன்பது மில்லி, வெளியே மட்கார்டு விளிம்புக்கு ஆறு மில்லி. பத்து தடவை தனியாக ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவையும் சத்தமில்லை. பின் சீட்டில் பிளாஸ்டிக் தாள் விரித்து, என்னைக் கதவுப் பிடியைக்கூடத் தொட விடவில்லை.

பத்து மணிக்குப் போக வேண்டிய நாளில் ஒன்பதரைக்கு, தாளை உருவிவிட்டு, புது மாப்பிள்ளை மாதிரி கதவைத் திறந்து நின்றார். இடது ஓரத்தில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தேன். தெரு முனை திரும்பும்போது என் முதுகுக்குப் பின்னால் கரகரவென்று சத்தம். ரப்பர் தீய்ந்த நாற்றம். நிறுத்தினார். இறங்கிப் பார்த்தார். டயரின் ஓரத்தை மட்கார்டு விளிம்பு சீவியிருந்தது.

"கொஞ்சம் இறங்கு" என்றார். இறங்கினேன். பத்தடி ஓட்டினார், சத்தமில்லை. "ஏறு" என்றார். ஏறினேன், கரகர. மறுபடி இறங்கு, மறுபடி ஏறு. முட்டி விண்விண் என்று தெறித்தது. அவர் தரையில் படுத்து, அளவுகோலை நீட்டி, நான் ஏறினால் வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்து, கடைசியில் எழுந்து சொன்னார்:

"நீ உக்காராம இருந்தா சரியாத்தான் இருக்கு."

கேலியாகச் சொல்லவில்லை. கணக்கைச் சொன்னார்.

"எனக்காகன்னு சொல்லித்தானே இந்த ரெண்டு மாசமும் இதைப் போட்டு உருட்டினீங்க. ஒரு நாளாவது என்னை உக்கார வெச்சு அளந்தீங்களா?"

அவர் அளவுகோலைப் பார்த்தார். நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தேன். மணி பத்தாக ஏழு நிமிடம்.

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். நான் நடக்கும் வேகத்துக்கு, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஓரமாக. "ஏம்மா, நில்லும்மா. விளிம்பைத் தட்டி மடக்கிட்டா போதும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடறேன்." நான் திரும்பவில்லை. காலை இழுத்து இழுத்து நடந்தேன். பக்கத்தில் வண்டி துளிச் சத்தம் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு நேர்த்தியாக அது ஓடி நான் பார்த்ததே இல்லை.

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் காட்டினாள். என் பெயர் மேல் கோடு விழுந்திருந்தது.

"இன்னிக்காவது வந்துடுவீங்கன்னு பத்தரை வரைக்கும் பாத்தேம்மா. வண்டி எதுவும் கிடைக்கலையா?"

"கிடைச்சுது. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்துச்சு" என்றேன்.