குளத்தூர் பஸ்ஸில் வந்த மாத்திரை

அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலேயே மருந்துக்கடையில் விற்கலாம். இதுதான் விதி. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எங்கள் ஊர்க் கடைகளுக்கு இந்த விதி இன்னும் வந்து சேரவில்லை.

அதை எனக்குத் தெரிவித்தவள் என் மாடியில் வாடகைக்கு இருக்கும் எம்.எஸ்சி. மாணவி, கீரமங்கலத்துக்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளத்தூர்ப் பக்கத்து அறைத்தோழியோடு இறங்கி வந்தாள். முந்தின நாள் மதியம் ஆணுறை கிழிந்துவிட்டதாம்.

"ரெண்டு கடையில கேட்டோம் மேடம். ஒருத்தர் சீட்டு கேக்குறாரு. இன்னொருத்தர் கழுத்துல தாலி இருக்கான்னு பாக்குறாரு. இருபது மணி நேரம் ஆயிருச்சு. இன்னும் அம்பத்திரண்டு இருக்கு."

அழவில்லை. மணிக்கணக்கு சொன்னாள். எனக்கு எரிந்தது.

அவள் வயதில் நானும் எம்.ஏ. மாணவிதான், புதிதாகக் கல்யாணம் ஆனவள். நாள் தள்ளிப்போன பிறகுதான் நாள் என்று ஒன்றை எண்ண வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்தது. சொல்லி அழ ஒருத்தியும் இல்லை. இறுதித் தேர்வு போயிற்று. பட்டத்தை ஆறு வருடம் கழித்து அஞ்சல் வழியில் வாங்கினேன். விரிவுரையாளர் ஆக வேண்டியவள், விரிவுரையாளர்களின் விடுப்பு விண்ணப்பங்களுக்கு எண் போட்டு, கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். மகன் தங்கமானவன், அவன்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனாலும், என் எதிரே நின்றவள் அடுத்த மாதம் விரிவுரையாளர் தகுதித் தேர்வு எழுதப்போகிறாள்.

"எங்க அத்தை சொல்லுச்சு, இதப் போட்டா பொறவு புள்ளையே நிக்காதாம்" என்றாள்.

"அப்ப ஒங்க அத்தை போட்ருக்கலாம்ல? ஆறோட நின்னுருக்கும்" என்றாள் தோழி.

இருவரும் சிரித்தார்கள். அப்படி ஒன்றும் ஆகாது என்று நான் விளக்கினேன். அந்தச் சிரிப்பின்மேலும் எனக்குப் பொறாமை.

விதியை அச்செடுத்துக்கொண்டு மூவரும் மூன்றாவது கடைக்குப் போனோம். கடைக்காரர் முழுவதும் படித்தார். "நீங்க சொல்றது சரிதாங்கம்மா. ஆனா நாங்க அத வைக்கிறதில்லங்க" என்று தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

வீடு திரும்பியதும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனு எழுத உட்கார்ந்தேன். பொருள், பார்வை, நகல் இருவருக்கு.

தோழி எட்டிப் பார்த்தாள். "மேடம், இந்த மனு அங்கிட்டுப் போயி ஆபீசர் பாக்குறதுக்குள்ள இவளுக்குப் பேறுகாலமே முடிஞ்சிரும்."

அன்று தபால் அலுவலகம் விடுமுறை என்பது கையொப்பமிட்ட பிறகே எனக்கு உறைத்தது.

அதற்குள் தோழி தன் ஊர்க் கிராம செவிலியரிடம் போனில் பேசிவிட்டாள். "அக்கா, ஒரு மாத்திரை வேணும். எனக்கில்ல. சரி, எனக்குன்னே வச்சுக்க, திட்டாத." அரசாங்கமே அதைச் செவிலியர் வழியாக இலவசமாகத் தருகிறது. எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு அது நினைவில் இல்லை. குளத்தூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு இருந்தது. பஸ் ஏறிப் போய் நான்கு மணிக்குத் திரும்பினாள். என் வீட்டுத் தண்ணீரில் கீரமங்கலத்துக்காரி அதை விழுங்கினாள். என் பங்கு அந்தத் தண்ணீர்தான்.

மாதவிடாய் சில நாள் தள்ளலாம், ஒரு வாரத்துக்கு மேல் போனால் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். படிப்பு விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போய்விட்டாள். அவளுக்குரிய நாள் வந்தது, கடந்தது. தினமும் காலையில் "என்ன ஆயிற்று?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். இரண்டு நீல டிக்குகள் மட்டும் விழுந்தன. அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று மாடியிலேயே தங்கிவிட்ட தோழிதான் சொன்னாள். இவளிடம் மட்டும் தினமும் பேசியிருக்கிறாள்.

ஆறாம் நாள் மாடியிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. அரை மணி நேரம் கழித்து என் போனிலும் வந்தது: "வந்துருச்சு மேடம். படிக்க உக்காந்துட்டேன்."

அன்று செவ்வாய்க்கிழமை. அவள் தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.