சாரல் சென்றோன்

கவிதைக்கும் எனக்கும் ஆகாது. நான் கணக்கு டீச்சர். எக்ஸ் என்றால் எக்ஸ்தான். அதற்குள்ளே தலைவியின் ஏக்கம் ஒளிந்திருக்கிறது என்று யாரும் என்னிடம் வந்து சொல்ல முடியாது. அப்படிப்பட்ட என்னைப் பிடித்துத்தான் முப்பிடாதி தன் பரீட்சைக்கு ஒத்திகை பார்த்தாள்.

தென்காசியில் எங்களுடையது சின்னத் தனியார் பள்ளிக்கூடம். முப்பிடாதி அங்கே ஆறாவது, ஏழாவதுக்குத் தமிழ் எடுக்கிறாள். பி.ஏ.வை வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஓட்டிவிட்டாள். இந்த ஜூன் முடிவதற்குள் எம்.ஏ. முடிக்காதவர்கள் வர வேண்டாம் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. எழுத்துத் தேர்வுகளில் எல்லாம் தேறிவிட்டாள். வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. போன தடவை அதில் வாயடைத்துப்போய்ப் பாதியில் எழுந்து வந்திருந்தாள். இந்தத் தடவையும் அப்படி ஆனால் வேலை போய்விடும்.

"போனா குத்தாலத்துல லாட்ஜ் கூட்டப் போவேன் டீச்சர். எங்கம்மா செஞ்ச வேலைதானே. ஆனா சீசன் முடிஞ்சா யாரு கூப்பிடுதா? எங்க அத்தைக்கு மாத்திரை வருசம் பூரா வேணும்லா?" என்றாள்.

தேர்வு இதுதான்: ஒரு பாட்டை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். அதைச் சொல் சொல்லாகப் பிரித்து, அது எந்த உணர்ச்சியில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று தாளைப் பார்க்காமல் விளக்க வேண்டும். பிறகு தேர்வாளர் குறுக்குக் கேள்வி கேட்பார். முப்பிடாதிக்கு வந்தது ஒரு பழைய பாட்டு. 'சாரல் சென்றோன் வந்திலன் தோழி' என்று தொடங்கும். தினை அறுத்தாயிற்று, கிளிகள் போய்விட்டன, அவன் நடந்த பாதையைப் புல் மூடிவிட்டது, நான் இன்னும் கதவைச் சாத்தவில்லை என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். அவ்வளவுதான் பாட்டு.

இந்த இடத்தில் முப்பிடாதியின் புருஷன் குத்தாலிங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குற்றால அருவிக்கு மேலே கிராம்பும் மங்குஸ்தானும் விளைகிற தோட்டங்களுக்குச் சுமை தூக்கிப் போகிறவன். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆனி மாசம் உர மூட்டையோடு மலையேறினான். இறங்கவில்லை. வனத்துறை ஆட்களும் போலீசும் ஊர்க்காரர்களும் தேடி அலுத்தார்கள். உடம்பு கிடைக்கவில்லை என்பதால் செத்துப்போனான் என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. செங்கோட்டை லாரிக்காரர் ஒருவர் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூரில் அவனைப் பார்த்த மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த 'மாதிரி'யைப் பிடித்துக்கொண்டுதான் குத்தாலிங்கத்தின் அம்மா கோமதியம்மாள் உயிரோடு இருக்கிறாள்.

"சாரல்ல போனவன் சாரல்ல வருவான்" என்று ஒவ்வோர் ஆனிக்கும் அவள் சொல்வாள். முப்பிடாதி மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். பூவும் பொட்டுமாகத்தான் பள்ளிக்கூடத்துக்கு வருவாள். ஆசிரியர் அறையில் சிலர் அதை ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். நான் அவர்களை ஒரு முறை முறைப்பேன். அதோடு அடங்கிவிடுவார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காலி வகுப்பறையில் ஒத்திகை நடக்கும். நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்வாளராக உட்காருவேன்.

"சத்தமாச் சொல்லுட்டி. சாமிட்ட வேண்டுத மாதிரி முணுமுணுக்காத."

"சாரல் சென்றோன்னா சாரலில் சென்றோன், டீச்சர். நடுவுல 'இல்' மறைஞ்சிருக்கு. அவன் சாரல் காலத்துல போயிருக்கான். சாரல் வருசா வருசம் திரும்பி வருது. அப்ப அவனும் வருவான்னு அவளுக்கு நம்பிக்கை. அதனாலதான் கதவைச் சாத்தல. இது காத்திருக்குத பாட்டு."

எனக்கே புரிந்தது. புரிந்ததோடு நிற்காமல் பிடித்தும் போனது. நாங்கள் இந்த ஊர்க்காரர்கள். மலையைத் தாண்டி வந்து முகத்தில் பூத்தூவலாக விழுகிற மழைதான் எங்களுக்குச் சாரல். அது விழுந்தால் குற்றாலத்தில் அறை வாடகை ஏறும், ரோட்டில் கார்கள் அடைத்துக்கொள்ளும். முப்பிடாதி தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி பார்த்தாள். 'வந்திலன்' என்பதற்குக்கூடப் பார்த்தாள்; சாரலுக்குப் பார்க்கவில்லை. தெரிந்த சொல்லுக்கு யார் அகராதியைப் புரட்டுகிறார்கள்?

ஒரே ஒரு நாள், "பாதையில புல்லு மூடிட்டுங்காளே, அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"மழைக்குப் புல்லு மொளைக்கத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டாள். கணக்கில் இப்படி ஒரு படியைத் தாண்டினால் நான் மார்க் போட மாட்டேன். கவிதைதானே என்று விட்டுவிட்டேன்.

வீட்டிலும் சாயங்காலம் சொல்லிப் பார்ப்பாளாம். கோமதியம்மாள் எதிரே உட்கார்ந்து கேட்பாளாம். படிப்பறிவு இல்லாத மனுஷி; ஆனால் அந்தப் பாட்டை அப்படியே பிடித்துக்கொண்டாள். "அந்தப் புள்ளைக்கு மாப்பிள்ளை வந்துருவாம்லா?" என்று தினமும் கேட்பாளாம். வந்துருவான் அத்தை என்று இவளும் தினமும் சொல்வாளாம்.

தேர்வு நாளன்று நானும் கூடப் போனேன். மற்றவர்களும் உட்கார்ந்து கேட்கலாம் என்பது தேர்வு நடந்த கல்லூரியின் வழக்கம். கடைசி பெஞ்சில் இடம் பிடித்தேன். தேர்வாளர் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மாள், அமைதியான முகம். முப்பிடாதி என்பது அம்மன் பெயரா என்று விசாரித்து, நல்ல பெயர் என்று சிரித்தார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

முப்பிடாதி ஆரம்பித்தாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. சாரலில் போனவன், சாரலோடு வருவான், திறந்த கதவு, காத்திருத்தல். கோவையாகச் சொல்லி முடித்தாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

"நல்லாச் சொன்னீங்க. சாரல்னா என்ன?" என்று தேர்வாளர் கேட்டார்.

"மழை மேடம். சாரல் மழை." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். வெளியே அதுதான் விழுந்துகொண்டிருந்தது. பெஞ்சில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் சிரித்தார்கள்.

தேர்வாளரும் ஜன்னலைப் பார்த்தார். "உங்க ஊருக்கு அது சரி. இந்தப் பாட்டுல சாரல்னா மழை இல்லம்மா, மலைச்சரிவு. அவன் சாரல்ல போகல, சாரலுக்குப் போனான். மலையேறிப் போனவன் திரும்பல. அப்படி வச்சுக்கிட்டு மறுபடி சொல்லுங்க. அவசரமில்ல."

மலைச்சாரல் என்ற சொல்லை முப்பிடாதியே ஏழாவதுக்கு நடத்தியிருக்கிறாள். பக்கத்து வகுப்பிலிருந்து என் காதால் கேட்டிருக்கிறேன். அவளுக்குத் தெரியாத அர்த்தம் இல்லை அது. அந்த அர்த்தத்தை எடுத்தால் பாட்டு எங்கே போய் முடியும் என்பதும் தெரிந்துதான் இருக்கும். போன தடவை மாதிரி எழுந்து வந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஆண்டவரே, அவள் வாயைத் திறக்கட்டும் என்று ஜெபித்தேன். திறக்காமல் இருந்தால்கூட நல்லது என்றும் அதே மூச்சில் தோன்றியது.

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மலைக்கு ஏறிப் போனவன் வரல. தினை அறுத்தாச்சு. அப்படின்னா அங்கன வேலை முடிஞ்சிட்டு, மத்தவங்க எல்லாம் இறங்கிட்டாங்க. கிளியும் போயிட்டு. பாதையில புல்லு மூடிட்டு. புல்லு மூடணும்னா அதுல ஒருத்தரும் நடக்கலன்னு அர்த்தம். அவன் ஏறுனதோட சரி, இறங்கல."

"அப்போ கதவை ஏன் சாத்தல? நம்பிக்கையா?"

"இல்ல மேடம். சாத்திட்டா அவன் இல்லன்னு ஆயிரும். அதுக்காகத்தான் சாத்தல. அவளுக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்? சொல்லுங்க."

"அவன் செத்துட்டான்னு தெரியும்."

"இப்ப இது காத்திருக்கிற பாட்டா?"

"இல்ல. இழவுப் பாட்டு."

தேர்வாளர் மனம் நிறைந்து தலையசைத்து மதிப்பெண் போட்டார். தேறிவிட்டீர்கள் என்று வாயாலும் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. சரியாகத்தான் கேட்டார், அவளும் சரியாகத்தான் சொன்னாள். சரியான விடையைக் கேட்டு நான் அன்றைக்கு அழுததுபோல் என்றைக்கும் அழுததில்லை.

தாழ்வாரத்துக்கு வந்ததும் முப்பிடாதியின் போன் அடித்தது. கோமதியம்மாள் பேசினால் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்.

"என்னட்டி ஆச்சு?"

"பாஸ் அத்தை. வேலைக்கு இனிமே பயமில்ல."

"அது கெடக்கட்டும். அந்தப் புள்ளைக்கு மாப்பிள்ளை வந்துருவாம்னு நீ சொன்னியே, அந்தம்மா ஒத்துக்கிட்டாகளா?"

முப்பிடாதி சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

"ஒத்துக்கிட்டாக அத்தை" என்றாள். "வந்துருவான்னுதான் அவுகளும் சொன்னாக."