பெரியம்மா நின்றபடியே ஜெபித்த நாட்கள்

சாலமோன் பெரியப்பா இதய ஆபரேஷனுக்காக வீட்டைவிட்டுக் கிளம்பியது ஈஸ்டர் முடிந்து வந்த வியாழக்கிழமை. "கம்பி லோடு வந்தா எடை பாத்து எறக்குங்கடே, நான் இல்லைன்னு ஏமாத்திருவானுவ" என்று சாத்தாங்காட்டில் இருந்த தன் இரும்புக் கடைக்குப் போனில் சொல்லிக்கொண்டேதான் காரில் ஏறினார். மகன்கள் கூடப் போனார்கள். மகிமா பெரியம்மா வாசலோடு நின்றுவிட்டாள். மறுநாள் ஆபரேஷன் நடக்கும் நேரத்துக்கு அவளுக்கு வீட்டில் ஒரு வேலை இருந்தது.

எங்கள் சபைப் பெண்களிடம் சங்கிலி ஜெபம் என்று ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது பெரிய காரியம் என்றால் ஒரு முழு நாளை மணி மணியாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒருத்தி தன் வீட்டில் முழங்காலில் இருந்து ஜெபித்து முடித்ததும் அடுத்தவளுக்கு மிஸ்டு கால் கொடுப்பாள். அதை எடுத்துப் பேசக்கூடாது. மணி அடித்தால் முறை கைமாறிவிட்டது என்று அர்த்தம். ஆபரேஷன் நேரத்து முறையைப் பெரியம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். யாரும் மறுக்கவில்லை. போர்ட்டில் கன்டெய்னர் மாட்டிக்கொண்டாலும், பெண்ணுக்கு வரன் தள்ளிப்போனாலும், தெருவில் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். "எல்லாம் ஆண்டவர் செய்றது" என்பாள். சொல்லும்போது முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும்.

பெரியப்பா பிழைத்து வந்தார். ஆனால் ஆபரேஷனின்போதே மூளைக்குப் போகும் ரத்தம் எங்கோ அடைத்து, வலது கையும் பாதிப் பேச்சும் போய்விட்டன.

அப்போது நான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் கழித்துத் திருவொற்றியூருக்கு வந்து அவர்கள் வீட்டில் தங்கியபோது, பெரியம்மா நின்றுகொண்டே ஜெபிப்பதைப் பார்த்தேன். காலையிலும் பகலிலும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். சபையில் யாருக்குச் சங்கிலி என்றாலும் இரண்டு மூன்று பேருடைய முறையைத் தானே எடுத்துக்கொண்டாள். பாதங்கள் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. கேட்டால், "முட்டு வலிக்குது, மடக்க முடியல" என்றாள். சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிக்க மட்டும் அவளுக்கு முடிந்தது.

தினமும் மீன் கொண்டுவரும் பூவம்மாவுக்கும் அது கண்ணில் பட்டது.

"இன்னாக்கா, காலு ரெண்டும் பலூன் மாரி கீது. குந்திகினு கும்புட்டா உங்க சாமி கோச்சுக்குமா?"

"நீ மீனை வெட்டு, பூவம்மா."

"வெட்றேன். நீ வுயுந்தா யாரு தூக்கறது? நைனாவா?"

நாற்காலியில் இருந்த பெரியப்பா கோணலாகச் சிரித்தார்.

அந்த வாரமே பெரியம்மா ஜெபத்தில் நின்றபடியே விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடினேன். மீன் கூடையை இறக்கிக்கொண்டிருந்த பூவம்மாவும் வந்தாள். இருவரும் தூக்கிக் கட்டிலில் கிடத்தித் தண்ணீர் கொடுத்தோம். கண் திறந்ததும் எழப் பார்த்தாள்.

"என் முறை இன்னும் முடியல. விடுங்கட்டி."

"பெரியம்மா, செத்துப்போவீங்க."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னைக்கு நான் தூங்கிட்டேன், மக்களே. அவரைக் கத்தி வச்சுக் கீறிட்டு இருக்காவ, நான் கட்டில்ல தலையச் சாய்ச்சுத் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா மணி முடிஞ்சிருந்துச்சு. ஜெபிச்சு முடிச்சவ மாதிரி சீனியம்மாளுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். நான் முழிச்சிருந்தா அவருக்குக் கை போயிருக்காது."

பூவம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ உங்க சாமிக்கு நீதான் வாட்ச்மேனா?"

கதவருகே பெரியப்பா நின்றிருந்தார். சுவரைப் பிடித்தபடி அவராகவே எழுந்து வந்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தார்.

"நானும்... தூங்கினேன். மயக்க... ஊசி. நீயும்... தூங்கினே." இடது கையை நெஞ்சில் வைத்தார். "இது... அடிக்குது."

"அப்போ கை?" என்றாள் பெரியம்மா.

அவர் தொங்கிக்கொண்டிருந்த வலது கையைக் குனிந்து பார்த்தார். "தெரியாது" என்றார். அந்த ஒரு வார்த்தை மட்டும் திக்காமல் வந்தது.

மறுநாள் பாத்திரம் கழுவும்போது, பெரியம்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நான் ஆண்டவரை நம்பலட்டி. என் ஜெபத்தைத்தான் நம்பியிருக்கேன். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன்."

எனக்கு அதில் பேசத் தகுதி இல்லை. நான் கோயிலுக்குப் போயே பல வருடமாகிறது. தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன்.

சனிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, அன்று தூங்கிப்போனதைச் சொல்லிவிட்டாள். துணைக்குப் போன நான் பின்வரிசையில் இருந்தேன். சீனியம்மாள்தான் முதலில் எழுந்தாள்.

"மகிமாக்கா, உங்ககிட்ட இருந்து மிஸ்டு கால் வந்ததும் முட்டி போட்டேன். உடனே கேஸ் சிலிண்டர்காரன் வந்துட்டான். அவன்கூடச் சண்டை போட்டதுல என் முறை பாதி போச்சு. நானும் யார்கிட்டயும் சொல்லல."

இன்னொருத்தி தனக்கும் அன்று முழுக்கக் குழம்பு ஞாபகம்தான் என்றாள். பெண்கள் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில், "இத்தனை ஓட்டையா இருந்திருக்கு. அப்புறமும் அவரு வீடு வந்து சேந்திருக்காரு" என்று வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். அதில் நிம்மதி இருந்ததா, கூடுதல் வெட்கம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு உட்கார்ந்துதான் ஜெபித்தாள். ஆனாலும் பெரியப்பாவின் வலது கைக்குச் சட்டை மாட்டும்போதெல்லாம் அவள் கண் தரையைப் பார்த்தது.

எனக்கு ஒரே இடத்தில் கால் தங்காது. மழைக்காலத்துக்கு முன் மறுபடி கிளம்பிவிட்டேன். மகன்கள் இருவரும் ஊரில் இருக்க, வீட்டு விஷயம் எதையும் பெரியம்மா எனக்கு எழுதியதில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, மொழி தெரியாத ஊர் ஒன்றின் பஸ் நிலையத்தில் இருந்தபோது அவளிடமிருந்து போனில் இந்தச் செய்தி வந்தது:

"மக்களே, பெரியப்பாவுக்குத் திரும்பவும் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில உள்ள வச்சிருக்காவ. சங்கிலி போட்டிருக்காவ, எனக்கு முறை வேண்டாம்னுட்டேன். வெளிய பெஞ்சுல இருக்கேன். பயமா இருக்கு, வாயில ஒரு வார்த்தை வரல. இதுவரைக்கும் எனக்காக ஜெபிக்கச் சொல்லி நான் யார்கிட்டயும் கேட்டதில்ல. இப்ப உன்கிட்ட கேக்கேன், எனக்காக ஜெபி. உனக்கு ஜெபிக்க வராதுன்னு தெரியும், பரவாயில்ல. வந்தது வரைக்கும் சொல்லு, கேக்கிறவர் கேட்டுக்கிடுவார்."