பின்புறம் வெறும் தகடு

ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் பதித்திருந்த அலுமினியத் தகடு அது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மேலே படிந்திருந்த கிரீஸைத் துணியால் துடைத்து, எழுத்துகளை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ஒரே விடைதான் வந்தது. வண்டிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தபோது, அத்தான் தன் வீட்டு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்தது. விருதுநகரில் ஒரு வேன் உதிரி பாகக் கடையில் எனக்கு வேலை. பழைய வேன்களின் தகட்டில் வண்டி எண்ணுக்குக் கீழே இரண்டு குறியீடுகள் இருக்கும். முதலாவது கம்பெனியில் அடித்த வண்ணம். இரண்டாவது உள்வேலை, அதாவது இருக்கை, கூரைத் துணி, தரைவிரிப்பு எல்லாம் சேர்த்து. பாகம் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் அந்தக் குறியீட்டைத்தான் கேட்போம். ஆகவே பெரும்பாலானவை எனக்கு மனப்பாடம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். தாயில்பட்டியிலிருந்து பெண்களைப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஏற்றிப்போக அந்த வேனை வாங்கியிருந்தார். அக்காவும் அதில்தான் வேலைக்குப் போவதாக இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய வண்டி என்று புரோக்கர் சொன்னதை அத்தான் அப்படியே நம்பியிருந்தார். யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர் அவர். அந்தக் குணத்தின் மீது எனக்கு எப்போதுமே ஒரு பயம் உண்டு.

தகட்டின்படி வண்டியின் நிறம் சாம்பல். எதிரே நின்றதோ வெள்ளை. அதில் தவறில்லை, யாரும் வண்ணம் மாற்றலாம். என்னை உறுத்தியது இரண்டாவது குறியீடு. முன்னால் மட்டும் இருக்கை, பின்புறம் வெறும் தகடு என்பது அதன் பொருள். அப்படியானால் இது சரக்கு வேனாகப் பிறந்தது. ஜன்னல்களின் ரப்பரை விலக்கிப் பார்த்தேன். ஓரங்கள் கையால் வெட்டிய கோணலில் இருந்தன. தரையிலோ பலகை அடித்து, அதன்மேல் பழுப்பு நிற ரெக்ஸின் ஒட்டியிருந்தார்கள்.

“அத்தான், இது பிள்ளைக ஏறுன வண்டி இல்ல. சரக்கு ஏத்துன வண்டி.”

“ஏத்துனா ஏத்திட்டுப் போறான். மாப்ளே, ஒங்க அக்காவைக் கட்டும்போதுகூட என்னை நீங்க இம்புட்டுச் சோதிக்கலியே!”

கூடுதலாக ஒரு பெஞ்சைத் தரையோடு பற்றவைக்க வெல்டர் வந்து, வயரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். “அண்ணாச்சி, கரண்டு இருக்கும்போதே முடிச்சிருவோம். பெறகு என்னையக் குத்தம் சொல்லாதீக” என்றார். பொறி பறக்கப்போகிறது. எங்கள் பக்கத்தில் சரக்கு என்ற சொல்லுக்கு மிளகாய் வத்தல் என்றும் பொருள் உண்டு, பட்டாசு மருந்து என்றும் பொருள் உண்டு. இதில் எது ஏறியது என்று தெரியாமல் பற்றவைக்க விடமாட்டேன் என்று கதவை மறித்து உட்கார்ந்துவிட்டேன். வெல்டர் அத்தானைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ரெக்ஸினின் ஒரு மூலையைத் தூக்கினேன். பலகை அங்கே மக்கியிருந்தது. இடுக்கில் சாம்பலும் வெள்ளியும் கலந்த நிறத்தில் தூள் இறுகிக் கிடந்தது. விரலை வைக்கப் போனேன்.

“ஏலே, கைய எடு!” அடுக்களையிலிருந்து காப்பியோடு வந்த அக்கா தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து முகர்ந்தாள். “மருந்துதான். அந்த வயரைக் கழட்டச் சொல்லுங்க மொதல்ல.”

வெல்டர் யாரும் சொல்லாமலே கழற்றினார். அதற்குப் பிறகு அவர் கண்ணடிக்கவில்லை. அக்கா வேலை செய்த கம்பெனி போர்மேனை வரவழைத்து, அவர் சொன்னபடி இரும்பு படாமல் பலகைகளை எடுத்தோம். வேனின் நீளம் முழுக்க, தகட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் அது இருந்தது. அக்கா உட்காருவதாக இருந்த இடத்திலும்.

அத்தான் புரோக்கருக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். “அப்பிடியா? எனக்குத் தெரியாது அண்ணாச்சி. வண்டியைக் கொண்டாங்க, பூராப் பணத்தையும் தாரேன்” என்றார் புரோக்கர். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததே என் சந்தேகத்தை உறுதிசெய்தது. ஆனாலும் பணம் திரும்பி வருகிறதே, வண்டியைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அத்தான் போனை வைத்துவிட்டு வேன் கதவை இழுத்துச் சாத்தினார்.

“குடுத்தா, அவன் திரும்பவும் பலகையை அடிச்சு, என்னைய மாதிரி ஒரு கிறுக்கன்கிட்ட வித்துருவான் மாப்ளே. அங்கன ஒரு வெல்டர் வருவான்.”

கொடுக்கவில்லை. போர்மேனை வைத்தே வண்டியைச் சுத்தம் செய்து, பெஞ்சுகளைப் போல்ட் போட்டு முடுக்கி ஓட்டினார். புரோக்கரிடம் ஏமாந்தவர் என்று ஊரில் பேசினார்கள். இப்போது நானே ஒரு கடை வைத்திருக்கிறேன். பழைய வண்டி எது வந்தாலும் முதலில் தரைவிரிப்பைத்தான் தூக்கிப் பார்க்கிறேன். அத்தான் மட்டும் கடைசிவரை யாரையும் சந்தேகப்படக் கற்றுக்கொள்ளவே இல்லை.

சில வருடம் கழித்து அந்த வேனைப் பழைய இரும்புக்குப் போட அவரோடு நானும் போயிருந்தேன். கடைக்காரர் விலை பேசத் தொடங்குமுன்பே அத்தான் முந்திக்கொண்டார்: “இது மருந்து ஏத்துன வண்டி. கழுவியாச்சு. இருந்தாலும் வெட்டும்போது சூதானமா வெட்டுங்க.”

அந்த வண்டியைப் பற்றி ஒருவர் உண்மையைச் சொல்லி விற்றது அநேகமாக அதுவே முதல் முறையாக இருக்கும். கடைக்காரர் அத்தானை மேலும் கீழும் பார்த்தார். வேனை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, என்னைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

“கேக்காமலே இம்புட்டுச் சொல்லுதாரே. வேற என்னத்தண்ணே மறைக்காரு?”