ஓம் என்றவர்

மொன்றியல் நீதிமன்ற வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவரைச் சந்தித்தேன். சென்ட் லோரன்ட் பகுதியில் பொதி விநியோகிப்பவர். நரைத்த மீசை. வழக்குப் பதியக் கட்டணம் கட்டிய ரசீதை நிமிடத்துக்கொரு முறை விரித்து மடித்தார். பழுதான வான் வண்டியை விற்றவன்மீது போட்ட வழக்கு தோற்றுவிட்டது. மேல்முறையீட்டுக்காக வாங்கிய சாட்சியப் பிரதியை, சட்டம் படிக்கும் நான் வாசித்துக் காட்டினேன்.

"பிரேக் பழுதை விற்றவரிடம் உடனே சொன்னீர்களா?" என்ற கேள்விக்கு, மொழிபெயர்ப்பாளரை முந்திக்கொண்டு, ஆமாம் என்பதை எங்கள் பேச்சில் "ஓம்" என்றிருக்கிறார். பிரெஞ்சில் அந்த ஒலிக்கு 'ஆண்' என்று பொருள். சுருக்கெழுத்தாளர் அப்படியே 'ஆண்' என்று பதிந்துவிட்டார்.

"ஒலிப்பதிவைக் கேட்டுத் திருத்தலாம் அண்ணை. அதுக்கு வேறை காசு."

"அப்ப இது?" ரசீதை நீட்டினார்.

"அது வழக்குப் பதிய மட்டும். எல்லாரும் கட்டுற அந்தக் காசிலையிருந்தே எழுதுறவைக்கும் சம்பளம் குடுக்கவேணும். நான் மனு எழுதப்போறன்!"

"எழுதும் பிள்ளை. பேந்து வாற ஆக்களுக்கு உதவும். நான் ஆம்பிளை எண்டதாவது கோட்டிலை பதிவாகிட்டுது."

"வெள்ளிக்கிழமைதான் மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள். மேலை போவம்தானே அண்ணை?"

"ஓம்" என்றார். ரசீதை என் கையில் வைத்துவிட்டு மெட்ரோப் பக்கம் நடந்தார்.

வெள்ளிக்கிழமை கதவு மூடும்வரை அதே வாங்கில் காத்திருந்தேன். அவர் வரவில்லை. அந்த ஓமை நானும் பிழையாகத்தான் கேட்டிருக்கிறேன்.