ஆத்துல எறங்குற சாமிக்கு ஓட்டு

காப்பி பென்சிலின் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதினால் முதலில் ஒரு கசப்பும், பிறகு துருப்பிடித்த ஆணியைச் சப்பியது மாதிரி ஒரு ருசியும் தொண்டை வரைக்கும் இறங்கும். ஈரம் பட்டதும் எழுத்து ஊதாவாகிக் காகிதத்தில் ஊறிவிடும், ரப்பர் போட்டாலும் போகாது என்பதால் கோர்ட்டு குமாஸ்தாவான என் அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் அது ஒன்று இருக்கும்; நான் இரண்டாம் பாரம் படித்த வருஷம், சித்திரைத் திருவிழாவில் ஒரு பகல் முழுக்க அது என் கையில் இருந்தது. சாயங்காலம் வீடு திரும்பியபோது என் நாக்கும் உதடும் இருந்த நிறத்தைப் பார்த்து அம்மா, "எந்த நாவ மரத்துல ஏறினே?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அன்று சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்பதை இத்தனை வருஷம் கழித்தாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்தி அது. மதுரையில் விளையாட்டுப் பைத்தியம் பிடித்த சில பெரிய மனிதர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் திடீரென்று ஒரு யோசனை. "மதுரைச் சீமையின் மகா வீரர் யார்?" என்று ரோஸ் காகிதத்தில் நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்தார்கள். ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த வீரரின் பேரை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அதிக ஓட்டு வாங்கியவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை, அதோடு பஞ்சு மில் ஒன்றில் நிரந்தர வேலை, மில்லின் விளையாட்டுக் கோஷ்டியில் இடம். வரி கட்டுகிறவனுக்கு மட்டும்தான் ஓட்டு என்றிருந்த காலத்தில், ஆணானாலும் பெண்ணானாலும் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று ஒரு ஓட்டு வந்ததில் ஜனங்களுக்கு ஏற்பட்ட குஷியை இப்போது சொன்னால் நம்ப மாட்டீர்கள். பேச்சுக்குப் பேச்சு "ஒம் ஓட்டு யாருக்கு?" என்பதுதான்.

நோட்டீஸில் நாலைந்து பேர் இருந்தாலும் போட்டி என்னவோ இரண்டு பேருக்குள்தான். ஒருவர் என் அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டோடு இருந்த சேது மாமா. கிரிக்கெட் ஆடுவார், வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சராயுமாக அவர் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாசி வீதியில் நடந்தால், அவருடைய கால்காப்புகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற பாக்கியம் எனக்கு. அந்தப் பெருமையில் எனக்குத் தலை கால் புரியாது. மாமா என்னை "மாப்ள" என்று கூப்பிடுவார், அதுவும் பத்து பேர் நடுவில்.

இன்னொருவர் கொட்டாம்பட்டிப் பக்கத்து அழகர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது, பண்ணையில் கூலி வேலை. மாட்டுவண்டிப் பந்தயத்தில் மாடுகளை விரட்டிக்கொண்டு வண்டியோடு கூடவே ஓடுகிற ஆளாக இருந்தவர், ஒரு நாள் மாடுகளையே முந்திவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. அது கதையாகவே இருக்கட்டும், தமுக்கம் மைதானத்தில் அவர் வெறுங்காலோடு ஓடி, ஆணி வைத்த பூட்ஸ் போட்ட காலேஜ் பையன்களை எட்ட விட்டுவிட்டு வந்ததை நானே பார்த்தேன். ஓடி முடித்த பிறகு மூச்சுக்கூட வாங்காமல், இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். கோப்பை யாருக்கு வேண்டும், அவருக்கு வேண்டியது அந்த மில் வேலை. பண்ணையை விட்டு வெளியே வர அவருக்கு வேறு வழியே இல்லை என்று ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

அழகர் சாமி வைகையாற்றில் இறங்கிய மறுநாள், ஜனம் இன்னும் கலையாமல் வைகைக் கரையில் மொய்த்துக் கிடந்தபோது, சங்கத்தார் தமுக்கம் ஓரத்தில் ஒரு பந்தல் போட்டு, மூடியில் பிளவு வெட்டிய பெரிய பிஸ்கட் டின்னை வைத்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கக் கையெழுத்து நன்றாக இருக்கிற ஒரு ஆள் வேண்டும் என்றபோது மாமா என்னைக் காட்டினார். சங்கத்துக் காரியதரிசி என்னைப் பெஞ்சியில் உட்கார வைத்து ஒரே ஒரு விதி சொன்னார்: "சொல்றதைச் சொல்றபடி எழுதணும். நீயா ஒரு எழுத்துக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

ஆண்கள் வந்து "அழகர்", "சேது" என்று பேரைச் சொல்லிச் சீட்டை வாங்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். தகராறு பெண்களிடம்தான். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் வீட்டுக்கு ஒரு அழகர் உண்டு. புருஷன் பேர் அழகராக இருக்கும், இல்லாவிட்டால் மாமனார் பேர் அழகராக இருக்கும். புருஷன் பேரையோ மாமனார் பேரையோ வாயால் சொல்வது பெண்களுக்கு ஆகாது. சொன்னால் அவர்கள் ஆயுசு குறையும் என்று பயம். ஆகவே பெஞ்சிக்கு நாலடி தள்ளி நின்று, பன்னிரண்டு வயதுப் பையனான என்னையும் "சாமி" என்று கூப்பிட்டு, "அதான் சாமி, ஆத்துல எறங்குற சாமி பேரு" என்பார்கள். நேற்றுத்தானே இறங்கினார், முதுகுக்குப் பின்னால் ஆறு. மதுரையில் பிறந்த கைப்பிள்ளைக்கும் புரியும். முதலில் வந்த இரண்டு மூன்று பெண்களுக்கு நான் சிரித்துக்கொண்டே "அழகர்" என்று எழுதிக் கொடுத்தேன். அதுவரைக்கும் நான் மனுஷனாகத்தான் இருந்தேன்.

உச்சிப் பொழுதில் மாமா பந்தலுக்கு வந்தார். பட்டிக்காட்டு ஜனம் கொள்ளை கொள்ளையாக வருகிறது, அழகர்தான் ஜெயிப்பான் போலிருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். என் கழுத்தில் கை போட்டு, "என்ன மாப்ள, மாமன் மானம் ஒங் கையிலதான் இருக்கு போல" என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார், சத்தியமாக வேடிக்கைக்குத்தான். பழியை அவர் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் அவர் அந்தப் பக்கம் போனதும், அடுத்து வந்த பெண் "ஆத்துல எறங்குற சாமி" என்று சொன்னபோது, நான் பென்சிலை நாக்கில் தொட்டு, "ஆத்துல எறங்குற சாமி" என்றே எழுதினேன். சொன்னதைச் சொன்னபடி. விதியை மீறினேன் என்று எவன் என்னைக் கேட்க முடியும்? அப்புறம் அதே மாதிரி எழுதிக்கொண்டே போனேன். ஒவ்வொரு சீட்டையும் மடித்து, முகத்தைப் பார்க்காமல் கொடுத்தேன்.

வெயில் தாழ்கிற நேரத்தில் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். பதினெட்டு வயதுக்கு மேல் இருக்காது. கூட வந்த பெண்களில் ஒருத்தி, "ஓடுறாருல்ல சாமி, அவரு பொஞ்சாதிதான் இது" என்று சொன்னாள். அந்தப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரருக்கு எழுதுங்க சாமி" என்றாள். "பேரு?" என்றேன், யார் என்று தெரிந்துகொண்டே. மற்றவர்கள் அவளை இடித்தார்கள், "சொல்லேன்டி, எழுதுற புள்ளைக்குத் தெரிய வேணாமா" என்றார்கள். அவளுக்கு முகமெல்லாம் வெட்கம், "எங்க வீட்டுக்காரருதான்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நான் "எங்க வீட்டுக்காரர்" என்று முத்து முத்தாக எழுதி மடித்துக் கீழே வைத்தேன். அவள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குழந்தையின் கையில் கொடுத்து, அந்தக் கையாலேயே டின்னுக்குள் போட வைத்தாள். குழந்தை சீட்டை விடாமல் பிடித்துக்கொண்டதால் எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு வாசகசாலைத் தாழ்வாரத்தில் ஓட்டை எண்ணினார்கள். நல்ல கூட்டம். காரியதரிசி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து உரக்கப் படித்தார். முதல் "ஆத்துல எறங்குற சாமி" வந்ததும் கொல்லென்று சிரிப்பு. "இந்தச் சாமி எந்த ஆட்டம் ஆடுது? சாமிக்கெல்லாம் ஓட்டுக் கிடையாதுப்பா" என்று அவர் அதைச் செல்லாத ஓட்டோடு வைத்தார். அடுத்தடுத்து அதுவே வர வர, சிரித்துச் சிரித்துச் சிலருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரர்" வந்தபோது ஒருவர் "எந்த வீட்டுக்காரர்? ஆளுக்கு ஒருத்தர் இருக்காரே" என்றார், தாழ்வாரம் அதிர்ந்தது. அழகர் உள்ளே வரவில்லை, அவர் சாதிக்காரர்கள் அங்கே உள்ளே வரக்கூடிய காலமும் அல்ல. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்று முதலில் அவரும் சிரித்தார். அந்த வீட்டுக்காரர் சீட்டைப் படித்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். காரியதரிசியோ செல்லாத சீட்டுகளைக் கையில் புரட்டி, "எழுதின பிள்ளைக்கு என்ன கையெழுத்துப்பா, அச்சு மாதிரி" என்று என் முதுகில் தட்டினார்.

மாமா ஜெயித்தார். தோற்றவருக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம், நான் எழுதிய அந்தச் சீட்டுகளில் பாதிகூட இல்லை. கோப்பை எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்கு வந்தது. மில்லிலிருந்து ஆள் வந்து வேலையைப் பற்றிக் கேட்டபோது, கலெக்டர் ஆபீஸ் உத்தியோகம் ஏற்கெனவே நிச்சயமாகியிருந்த மாமா, "பஞ்சு மில்லுல எனக்கு என்ன வேலை?" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த வேலை அப்படியே போய்விட்டது. அடுத்தவருக்குக் கொடுங்கள் என்று சொல்லும்படி மாமாவிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று அவர் கேட்பாரே என்று பயந்து பேசாமல் இருந்தேன். தப்பைச் செய்தது ஒரு பகல்தான், மறைத்தது ஆயுசு முழுக்க.

இன்று தமுக்கத்தில் அந்த ஓட்டப் பந்தயத்தைப் பார்த்தவர்கள் யாரும் மிச்சமில்லை, சங்கமும் இல்லை, ரோஸ் நோட்டீஸ் ஒன்றுகூட எவரிடமும் இருக்காது. பேர் சொல்லாத பழக்கமும் போயே போய்விட்டது. என் மருமகள் சமையல்கட்டிலிருந்து என் மகனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று அவளிடம் சொன்னதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரையும் அந்தச் சீட்டு மாதிரி ஆகிவிடும். சுதந்திரம் வந்த பிறகு, நான் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு தேர்தலுக்குக் கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைப் பட்டியல் பார்க்கப் போட்டார்கள். வரிசையில் வந்த பெண்களிடம் புருஷன் பேரைக் கேட்டால், பின்னால் நிற்கிறவளைத் திரும்பிப் பார்ப்பார்கள், அவள்தான் சொல்லுவாள். நாற்பது வயது தோன்றும் ஒரு அம்மாள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. "அழகர்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பின்னால் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "நல்லாக் கேட்டுக்கங்க சாமி, அழகர். முன்ன ஒருவாட்டி ஓட்டெழுதுற எடத்துல இந்தப் பேரச் சொல்லாம வெக்கப்பட்டு நின்னுட்டேன். அம்புட்டுத்தான், அவருக்கு வரவேண்டிய மில்லு வேலை போச்சு. பண்ணையிலேயே கெடந்து போய்ச் சேந்துட்டாரு. எல்லாம் என்னாலதான்" என்றார்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. உங்களால் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பட்டியலில் அவர் பேருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு, "அடுத்த ஆள் வாங்க" என்றேன்.